ரைன் ஆற்றுக்கு அக்கரையில் தொண்ணூறு நாள்

ஆறு மாசம் பிரான்சில் இருந்தேன். அதற்குள் தொண்ணூறு நாள் ஜெர்மனிக்கும் போய் வந்தேன். நடுவில் ஓர் ஆறு. பாலத்தில் டிராம் ஓடுகிறது. டிக்கெட் ஒன்றுதான்.

எனக்கு இரண்டு மகள்கள். மூத்தவள் சித்ரா ஸ்ட்ராஸ்பூரில் இருக்கிறாள். அது பிரான்சின் கிழக்கு ஓரம். இளையவள் தேவி ஆற்றுக்கு அக்கரையில் கேல் என்ற ஊரில் இருக்கிறாள். அது ஜெர்மனி. மாப்பிள்ளைகள் இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. அக்காளும் தங்கச்சியும் பக்கத்தில் இருக்கட்டும் என்று வீடு பார்த்தார்கள். காரைக்குடிக்கும் மானகிரிக்கும் உள்ள தூரம்தான் என்றார்கள். போய்ப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள்.

இரண்டு பேருக்கும் ஒரே வருசத்தில் தலைப்பிரசவம் வந்தது. சித்ராவுக்குப் பங்குனி. தேவிக்கு ஆடி. தலைப்பிரசவம் தாய் பார்க்க வேண்டும். தாய் இல்லை. என் வீட்டுக்காரி இறந்து நாலு வருசம் ஆகிறது. அதனால் நான் கிளம்பினேன்.

எங்கள் ஊர் நெற்குப்பையில் சிரித்தார்கள். "லாரி ஓட்டுன அத்தான் பேறுகாலம் பாக்கப் போறாகளாம்" என்று மச்சினன் டீக்கடையில் சொன்னான். நான் முப்பத்தொரு வருசம் லாரி ஓட்டினேன். ரோட்டோரம் கல் கூட்டிச் சமைத்துச் சாப்பிட்டவன். குழம்பு வைக்கத் தெரியும். பத்தியத்துக்கு என்னென்ன போடுவது என்று கொழுந்தியாளிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். சுக்கு, மிளகு, திப்பிலி, பூண்டு எல்லாம் பொட்டலம் கட்டினேன்.

விசா விவரம் மூத்த மாப்பிள்ளை பிரபு போனில் சொன்னார்.

"சாதா விசான்னா எல்லா நாட்டுக்கும் சேத்து தொண்ணூறு நாள்தான் மாமா. ரெண்டு பேறுகாலத்துக்குப் பத்தாது. பிரான்சுக்கு நீண்ட நாள் விசா வாங்கிட்டா ஆறு மாசம் இங்கன இருக்கலாம். அந்த நாளை யாரும் எண்ண மாட்டாக. ஜெர்மனி மாதிரி பக்கத்து நாட்டுக்குப் போற நாளைத்தான் எண்ணுவாக. நூத்தி எம்பது நாளுக்குள்ள தொண்ணூறு."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சொந்த மாநிலப் பெர்மிட் ஒன்று. வெளி மாநிலத்துக்குத் தற்காலிகப் பெர்மிட் ஒன்று. இதில்தான் என் காலம் போனது.

"எண்ணுறதை நான் பாத்துக்கிறேன் மாப்ள" என்றேன். வேலை எதுவும் பார்க்க மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். போட்டேன். பேறுகாலம் பார்ப்பது வேலையில் சேராதாம்.

மாசிக் கடைசியில் போய் இறங்கினேன். மரங்களில் ஓர் இலை இல்லை. பட்டுப்போன மரம் என்று நினைத்தேன். எல்லாம் உயிரோடுதான் இருந்தன. பங்குனியில் துளிர்த்தன.

அங்கே ரொட்டி உலக்கை நீளம் இருக்கிறது. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிறார்கள். இன்னொன்று கைமுறுக்கு மாதிரி முறுக்கிச் சுட்டது, அகலம் ஒரு சாண். மேலே கல் உப்பு. முறுக்கு என்று கடித்தேன். மெத்தென்று இருந்தது. பசிக்கு ஆகும்.

வீட்டுக் கூரைகளில் நாரைகள் கூடு கட்டுகின்றன. யாரும் கலைப்பதில்லை. எங்கள் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயில் பறவை தங்கும் என்று தீபாவளிக்கு வெடி போடமாட்டார்கள். அதைக் கீழ்வீட்டு அம்மாளிடம் சித்ரா எடுத்துச் சொன்னாள். அந்த அம்மாளுக்கு எழுபது வயசு இருக்கும். தனியாக இருக்கிறவர். காரைக்குடி என்றதும் கையைத் தட்டினார். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டு ஓட்டலில் மூன்று நாள் தங்கியிருக்கிறாராம். "அங்கே பாதி வீடு பூட்டிக் கிடக்கிறதே, எல்லோரும் எங்கே போய்விட்டார்கள்?" என்று கேட்டார்.

"இங்கதான் வந்திருக்கோம்னு சொல்லு" என்றேன். சித்ரா சொன்னாள். அந்த அம்மாள் ரொம்ப நேரம் சிரித்தார். அந்த வீடுகளுக்கு நான் ஓடும் சிமெண்டும் இறக்கியிருக்கிறேன். வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை.

பங்குனி நடுவில் சித்ராவுக்கு ஆண்பிள்ளை. நாற்பது நாள் பத்தியம் பார்த்தேன். பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், சுட்ட கருவாடு. கருவாட்டு வாசத்துக்கு மேல்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். எங்கோ வயர் எரிகிறதா என்று கேட்டார். பிரபு அவரைச் சமாதானம் செய்து அனுப்பினார்.

அதே நாட்களில் அக்கரையில் தேவிக்கு மசக்கை இன்னும் விடவில்லை. எதுவும் தங்கவில்லை. அவள் வீட்டுக்காரர் கதிர் காலையில் போனால் ஆறு மணிக்குத்தான் வருவார். அதனால் இங்கே சமைத்துத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு டிராம் ஏறுவேன். இருபது நிமிசம். அவளைச் சாப்பிட வைத்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடுவேன். வாரத்தில் மூன்று நாள் இப்படி. சில சனிக்கிழமை மட்டும் தங்கி ஞாயிற்றுக்கிழமை வருவேன்.

டிரிப் ஷீட் எழுதிய கை. சும்மா இருக்காது. ஒரு சின்ன நோட்டு போட்டேன். ஆற்றைத் தாண்டின தேதி ஒவ்வொன்றையும் ஒரு வரியாக எழுதினேன். அங்கே படுத்த நாளுக்கு மட்டும் வட்டம் போட்டேன். லாரிக்காரனுக்கு ராத்திரி எங்கே தங்கினானோ அதுதான் நாள். பேட்டாவும் தங்கலுக்குத்தான். காலையில் போய்ப் பொழுதுசாயத் திரும்பினால் அது லோக்கல். நாளில் சேராது.

ஆனி பிறந்து சில நாள். தேவிக்கு இன்னும் நாலு வாரம் இருந்தது. அன்றைக்குப் பாலம் தாண்டியதும் கேலில் டிராமை நிறுத்திப் போலீஸ் ஏறியது. எப்போதாவது ஏறுவார்கள். நிறத்தைப் பார்த்து என்னிடம் வந்தார்கள் என்று சொல்லமாட்டேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரரிடமும் கேட்டார்கள்.

பெண் போலீஸ். பாஸ்போர்ட்டைப் புரட்டினார். போனில் ஏதோ பேசினார். போன் அதை மொழிபெயர்த்துத் தமிழில் கேட்டது.

"தாங்கள் ஜெர்மனியில் எத்தனை தினங்கள் இருந்தீர்கள்?"

மேடைப் பேச்சு மாதிரி இருந்தது. ஏழு விரல் காட்டினேன். சந்தேகப்படக் கூடாது என்று நோட்டையும் எடுத்து நீட்டினேன். நானேதான் நீட்டினேன். கேட்கவில்லை.

அவர் பக்கம் பக்கமாகப் பார்த்தார். வட்டத்தைத் தொட்டு என்ன என்றார். தூங்குவது போலச் சைகை காட்டினேன். வட்டம் இல்லாத வரியைத் தொட்டார். போய்விட்டு வந்தது என்று கையை இங்குட்டும் அங்குட்டும் ஆட்டினேன். அவர் பேனா முனையால் வரிகளை எண்ணினார். நின்றுகொண்டே எண்ணினார். டிராம் காத்திருந்தது. பிறகு போன் பேசியது.

"உறக்கம் முக்கியமல்ல. காலடி வைத்த ஒவ்வொரு தினமும் ஒரு தினம். வந்த தினமும் தினம். சென்ற தினமும் தினம்."

நோட்டின் அடியில் 58 என்று எழுதினார். பக்கத்தில் 32 என்று எழுதி ஒரு கோடு போட்டார். பாஸ்போர்ட்டைக் கொடுத்தார். தூக்குவாளியைப் பார்த்து என்ன என்றார். திறந்து காட்டினேன். மோந்து பார்த்துத் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

நான் ஏழு என்று இருந்தேன். மிச்சம் எண்பத்து மூன்று என்று இருந்தேன். பிரசவத்துக்குப் பத்து நாள் முந்தியே தேவி வீட்டுக்குப் போய், நாற்பது நாளும் முடித்து, அங்கிருந்தே கிளம்பலாம் என்று இருந்தேன். அவளிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

அன்று சாயங்காலம் பிரபு கம்ப்யூட்டரில் பார்த்தார். போலீஸ்காரர் சொன்னது சரி. லோக்கல் நாற்பத்து நாலு. தங்கின ஏழுக்கும் போன நாள், வந்த நாள் என்று பதினாலு. நூற்றெண்பது நாள் ஆகிப் பழைய நாட்கள் கழிவதற்குள் என் விசாவே முடிந்துவிடும்.

போனைச் சத்தமாக வைத்துத் தேவி வீட்டுக்குச் சொன்னோம். கதிர்தான் முதலில் பேசினார்.

"டிராம்ல என்ன முத்திரையா குத்துறாக? அந்த நோட்டைக் கிழிச்சுப் போடுங்க மாமா. யார் பாக்கப் போறா?"

"இன்னைக்கு ஒரு அம்மா பாத்துச்சே" என்றார் பிரபு.

"மாமாவே எடுத்துக் குடுத்தா பாக்காம என்ன செய்வாக. லைசென்சைக் கேட்டா ஜாதகத்தையும் சேத்துக் குடுக்கிற ஆளு."

சித்ரா சிரித்தாள். நானும் சிரித்தேன். தேவி சிரிக்கவில்லை.

"இவ இங்க வந்துரட்டும்ப்பா" என்றாள் சித்ரா.

அதுவும் ஆகாது. தேவிக்கு ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ் எல்லாம் ஜெர்மனியில். பிறந்த பிள்ளைக்குப் பாஸ்போர்ட் வர மாசக்கணக்கில் ஆகும். அது இல்லாமல் பிள்ளையை ஆறு தாண்டிக் கொண்டுவரக் கூடாது.

கடைசியில் தேவி பேசினாள். "அக்காவுக்கு எண்ணிக்கையே கிடையாது. எனக்கு மட்டும் எண்ணிக் குடுக்கிறாக." வைத்துவிட்டாள்.

கதிர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. முத்திரை இல்லை. நோட்டு இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் யார் பாக்கப் போறா என்று நானும் ஒருதரம் ஓட்டியிருக்கிறேன். வடக்கே வெளி மாநிலம் ஒன்றில். தற்காலிகப் பெர்மிட் முந்தின நாளே முடிந்துவிட்டது. ஒரு நாள்தானே என்று வண்டியை எடுத்தேன். செக்போஸ்டில் ஓரங்கட்டச் சொன்னார்கள். தப்பு என்னுடையது. நாலு நாள் அங்கேயே கிடந்தேன். இரண்டாம் நாள் ஊரில் தேவி பிறந்தாள். வீட்டுக்காரிக்கு ரத்தம் நிறையப் போய், கொழுந்தியாள் தனியாக நின்று அல்லாடியிருக்கிறாள். நான் ஆறாம் நாள் வந்தேன். என் வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

அதனால் முப்பத்திரண்டு என்றால் முப்பத்திரண்டு.

சேர்த்து வைத்துச் செலவழிப்பது என்று முடிவு செய்தேன். வலி வந்த பிறகுதான் தாண்டுவது. அதுவரை அக்கரைக்குப் போகக் கூடாது. கதிர் வேலை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பாடு வாங்கிப் போனார். தேவி போனில் இரண்டு வார்த்தை பேசுவாள். என்ன குழம்பு என்பாள். சொல்வேன்.

ஆனிக் கடைசியில் ஒருநாள் மத்தியானம் வலி என்று கூப்பிட்டாள். ஓடினேன். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் பொய் வலி, வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் திரும்பினேன். ஒரு நாள் போச்சு. மிச்சம் முப்பத்தொன்று.

"என்னாலதான்" என்றாள் தேவி.

"வலிக்கு நோட்டு தெரியுமா" என்றேன்.

அடுத்த வாரம் நிச வலி. காலை பத்து மணி. டிராம் நிறுத்தத்துக்குப் போனால் ஒரு ஆளைக் காணோம். ஸ்டிரைக். அங்கே ஸ்டிரைக் என்றால் முதல் நாளே நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள். நான்தான் படிக்கவில்லை. பிரபு ஆபீஸ் போய்விட்டார். நடந்தேன். டிராம் தண்டவாளத்தை ஒட்டியே நடந்தால் பாலம் வந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெயில் நம்ம ஊர் வெயில்தான். ஆற்றில் கப்பல் மாதிரி நீளப் படகு ஒன்று கரி ஏற்றிக்கொண்டு போனது. நான் பாலம் தாண்டி முடிக்கும்போதும் அது முழுசாகத் தாண்டவில்லை.

ஆஸ்பத்திரி கேலுக்கு அடுத்த ஊரில். ரயிலில் போக வேண்டும். ஜெர்மன் ரயில் நேரத்துக்கு வரும் என்று எனக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. இருபத்தைந்து நிமிசம் லேட். பிளாட்பாரத்தில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து என்னிடம் கோபமாக ஏதோ சொன்னார். ஆமாம் என்று தலையாட்டினேன். இரண்டு பேருக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறக்கவில்லை. வெளியில் நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம். நர்ஸ் வந்து என்னைப் பார்த்துவிட்டுக் கதிரிடம் கேட்டார். "இவர் யார்? அம்மா வருவார் என்று சொன்னாளே?"

"இவுகளைத்தான் சொன்னா" என்று கதிர் சொன்னாராம். அவர்தான் பிறகு எனக்குச் சொன்னார்.

நாலு மணிக்குப் பெண்பிள்ளை. உள்ளே விட்டார்கள். தேவி கண்ணைத் திறந்தாள்.

"வந்துட்டீகளா" என்றாள்.

"ம்" என்றேன்.



முப்பத்தொரு நாள் கேலில் இருந்தேன். பால் ஊறச் சுறாப்புட்டு வைக்கச் சுறா இல்லை. ஆற்று மீன் ஒன்றை உதிர்த்துச் செய்தேன். தேவி தின்று பார்த்து, "சுறா இதைப் பாத்தா அழுதுரும்" என்றாள். ஆனால் மிச்சம் வைக்கவில்லை.

அங்கே நல்ல ஏற்பாடு ஒன்று இருக்கிறது. மருத்துவச்சி வீட்டுக்கே வந்து பிள்ளையையும் தாயையும் பார்த்துவிட்டுப் போகிறார். நான் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவதை முதல் நாள் அந்த அம்மா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். தடுப்பார் என்று நினைத்தேன். தண்ணீர்ச் சூட்டை மட்டும் விரல் விட்டுப் பார்த்தார். "நிறையப் பிள்ளை பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு தாத்தாவைப் பார்த்ததில்லை" என்றாராம். மறுநாள் போன் கொண்டுவந்து படம் எடுத்துக்கொண்டார்.

இந்த நாட்களில் யோசித்துப் பார்த்தேன். ஊரில் பிள்ளைகளோடு இத்தனை நாள் சேர்ந்தாற்போல் நான் இருந்ததே இல்லை. வருவேன், குளிப்பேன், தூங்குவேன், அடுத்த லோடு. அப்போது யாரும் எனக்கு நாள் வரையறுக்கவில்லை. நானாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். இப்போது ஓர் அரசாங்கம் எண்ணிக் கொடுத்ததும் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. இன்றைக்கு எத்தனையாவது நாள் என்று எழுந்ததும் தெரியும்.

முப்பத்தோராம் நாள் சாயங்காலம் கிளம்பினேன். தேவி இருங்கள் என்று சொல்லவில்லை. தூக்குவாளியைக் கழுவித் துடைத்துக் கையில் கொடுத்தாள்.

பத்தியம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. சித்ரா வீட்டில் சமைத்தேன். பச்சைப் பிள்ளையோடு தேவியை விட்டுவிட்டுக் கதிரால் ரொம்ப நேரம் வரமுடியாது. ஆகவே பாதித் தூரம் அவர், பாதித் தூரம் நான். டிராம் பாலத்தை அடுத்து ஆட்கள் நடக்கும் பாலம் ஒன்று உண்டு. நடு ஆற்றுக்கு மேல் அகலமாக ஒரு மேடை. ஜனங்கள் வந்து உட்கார்ந்து காற்று வாங்குவார்கள். எல்லைக்கோடு என்று எதுவும் போட்டிருக்கவில்லை. நானே தரையில் ஒரு போல்ட்டை எல்லையாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். அதுக்கு இங்குட்டு நிற்பேன். கதிர் அங்குட்டு சைக்கிளில் வருவார். தூக்குவாளி மாறும். காலியான வாளி திரும்பும்.

"மாமா, இந்தப் போல்ட்டுக்குச் சந்தனம் வச்சிருவோமா" என்பார்.

நாற்பதாம் நாள் கதிர் தனியாக வரவில்லை. தேவியும் வந்தாள். தலை முழுகி, பூப்போட்ட சேலை கட்டி, பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்குப் பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. அது இங்குட்டு வரக் கூடாது. நான் அங்குட்டுப் போகக் கூடாது. நாலு நாளில் எனக்கு விமானம்.

"எங்கப்பா உங்க கோடு?" என்றாள்.

காட்டினேன்.

"யாரு சொன்னா இதுதான்னு?"

"நான்தான்."

"நாலு அடி தள்ளி ஒரு போல்ட்டைப் பாத்து வச்சிருக்கலாமுல்ல."

"வச்சிருக்கலாம்."

சுற்றிலும் ஆட்கள் ரொட்டி தின்றுகொண்டு, நாயைக் கூட்டிக்கொண்டு இந்த நாட்டுக்கும் அந்த நாட்டுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். தேவி குனிந்து பிள்ளையை எடுத்தாள். நான் இரண்டு கையையும் போல்ட்டுக்கு அங்குட்டு நீட்டினேன். வைத்தாள்.

கனமில்லை. ஆனால் கையை மடக்கினால் பிள்ளை பிரான்சுக்கு வந்துவிடும். நீட்டினபடியே நின்றேன். பிள்ளை என்னைப் பார்த்தது. பிறகு ஆற்றைப் பார்த்தது. பிறகு தூங்கிவிட்டது.

"கை வலிக்கலையாப்பா?" என்றாள் தேவி.

"இல்லை" என்றேன்.